கலைந்த குழு, தனித்த கிதார்: ரப்பி ஷேர்கிலின் முதல் இசைத் தொகுப்பு

புது தில்லி:

பாட்டு என்றாலே திரைப்படப் பாட்டு என்று பழகிவிட்ட நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில், 2005-ஆம் ஆண்டில், எந்தத் திரைப்படத்தையும் சாராத ஒரு பஞ்சாபிப் பாடல் மாநில எல்லைகளைத் தாண்டி ஒலித்தது. தலைப்பாகையும் தாடியுமாக, வீதியில் நடந்தபடியே அதைப் பாடியவர் தில்லியைச் சேர்ந்த ஒரு சீக்கிய இளைஞர். பாடலை எழுதியவரோ ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த சூஃபிக் கவிஞர் புல்லே ஷா. தான் யார் என்பது தனக்கே தெரியவில்லை என்று சொல்லும் அந்தத் தத்துவப் பாடல், பஞ்சாபி மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்களையும் நின்று கேட்க வைத்தது.

'புல்லா கீ ஜாணா' என்னும் அந்தப் பாடல் இடம்பெற்ற தொகுப்பு 'ரப்பி'. பாடகர் ரப்பி ஷேர்கில். 2004-இல் வெளிவந்த அந்தத் தொகுப்பு, தான் தொடங்கிய ராக் இசைக்குழு கலைந்த பின்னர் அவர் தனியாளாக அளித்த முதல் படைப்பாகும். நாட்டுப்புற இசையையும் ராக் இசையையும் இணைத்துப் பாடும் கலைஞர்கள் இன்று ஏராளம். ஆயினும் இந்தத் தொகுப்பு வெளிவந்த விதமும், அதில் இடம்பெற்ற கவிஞர்களும், அது கிளப்பிய கேள்வியும் இன்றைக்கும் நினைவுகூரத்தக்கவை.

விளையாட்டரங்கில் ஒரு மாலை

1973-இல் தில்லியில் பிறந்த ரப்பியின் இயற்பெயர் குர்பிரீத் சிங் ஷேர்கில். தந்தை சீக்கிய சமயச் சொற்பொழிவாளர். தாய் பஞ்சாபிக் கவிஞர். கல்லூரி முதல்வராகப் பணியாற்றியவர். குருத்வாராவின் கீர்த்தனை இசையும் பஞ்சாபிக் கவிதையும் வீட்டிலேயே கிடைத்தன. கிதார் மட்டும் வெளியிலிருந்து வந்தது.

1988 செப்டம்பர் 30-ஆம் தேதி, மனித உரிமைகளுக்காக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு உலகெங்கும் நடத்திய இசைப் பயணம் தில்லிக்கு வந்தது. ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், செனகல் நாட்டுப் பாடகர் யூசு என்டோர் ஆகியோர் ஒரே மேடையில் பாடினர். அந்நிகழ்ச்சியைக் கண்ட பதினைந்து வயதுச் சிறுவர்களில் ரப்பியும் ஒருவர். தொழிலாளர்களின் வாழ்க்கையைக் கதைபோலப் பாடும் ஸ்பிரிங்ஸ்டீனின் பாணி அவரை ஈர்த்தது. இசையே தமது வழி என்று அவர் முடிவு செய்ததற்கு அந்த மாலையே காரணமாகக் கூறப்படுகிறது.

தில்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்சா கல்லூரியில் படித்த ரப்பி, 'காஃபிர்' என்னும் இசைக்குழுவைத் தொடங்கினார். இறைநம்பிக்கை அற்றவன் என்பது அந்தச் சொல்லின் பொருள். சமயச் சொற்பொழிவாளரின் மகன் தன் குழுவுக்குச் சூட்டிய பெயர் அது! அக்காலத்தில் தில்லிக் கல்லூரி விழாக்களில் ராக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பெரும்பாலான குழுக்கள் மேலைநாட்டுப் பாடல்களையே திரும்பப் பாடின. கல்லூரிக் காலம் முடிந்ததும் உறுப்பினர்கள் வேலை தேடிப் பிரிவது வழக்கம். காஃபிருக்கும் அதுவே நேர்ந்தது. நண்பர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் தொழிலுக்குச் செல்ல, குழு கலைந்தது. மேலாண்மைப் படிப்பில் சேர்ந்திருந்த ரப்பியோ, அதைப் பாதியில் கைவிட்டு இசையோடு தங்கினார்.

வெளியீட்டுக்கான காத்திருப்பு

குழுவாக இயங்கும்போது செலவும் சுமையும் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. தனியாளுக்கு அந்த வசதி இல்லை. விளம்பரங்களுக்கான சிறு பாடல்களை உருவாக்கி ரப்பி காலம் தள்ளினார். யாமஹா மோட்டார் சைக்கிளுக்கும், டைம்ஸ் எஃப்.எம். வானொலிக்கும் அவர் அத்தகைய பாடல்களை அமைத்துத் தந்தார். இதற்கிடையே தமது சொந்தப் பாடல்களையும் சேர்த்துவந்தார்.

அவற்றை வெளியிடத்தான் ஆள் கிடைக்கவில்லை. பெரிய இசை நிறுவனமொன்று முதலில் ஆர்வம் காட்டிப் பின்னர் விலகிக்கொண்டது. பிறகு, 'தெஹல்கா' இதழின் பின்னணியில் இருந்தவர்கள் வெளியிட முன்வந்தனர். ஆனால், பாதுகாப்புத் துறைக் கொள்முதல் ஊழலை 2001-இல் அம்பலப்படுத்திய அந்நிறுவனம், அதன் பின் கடும் நெருக்கடியில் சிக்கியதால் அந்த முயற்சியும் நின்றுபோனது. இறுதியில் 'ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ்' என்னும் சிறிய நிறுவனமே தொகுப்பை வெளியிட்டது. அப்போது ரப்பிக்கு வயது 31.

இந்தத் தாமதத்துக்கு அன்றைய சந்தையே காரணம். பஞ்சாபி இசை என்றால் பாங்ரா ஆட்டம் என்று இசைத் துறை முடிவு கட்டியிருந்தது. 1995-இல் தலேர் மெஹந்தியின் முதல் தொகுப்பு பெற்ற பெருவெற்றிக்குப் பின் அந்த எண்ணம் மேலும் வலுத்தது. அதே 1995-இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா', 1996-இல் லக்கி அலியின் 'சுனோ', 1998-இல் தில்லியின் 'யூஃபோரியா' குழு அளித்த 'தூம்' என்று திரைப்படம் சாராத இசை ஒரு சுற்று வந்தது உண்மை. ஆனால், 2000-க்குப் பின் அந்த அலை தணியத் தொடங்கியது. 1972-இல் வெளிவந்த 'சமாதி' திரைப்படத்தின் 'காண்டா லகா' பாடல் 2002-இல் துள்ளலிசைக் கலவையாக மறுவடிவம் பெற்று வெற்றி கண்டது. அதைத் தொடர்ந்து பழைய பாடல்களைக் கலவையாக்கி விற்பதே எளிய வணிகமாயிற்று. இந்நிலையில், மெதுவான தாளத்தில், கிதாரை மீட்டி, பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிதையைப் பாடும் ஒருவரை எந்த அடுக்கில் வைத்து விற்பது என்று வணிகர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

துணைக்கு வந்த மூன்று கவிஞர்கள்

தொகுப்பின் பெரும்பாலான பாடல்களை ரப்பியே எழுதி இசையமைத்தார். மூன்று பாடல்களுக்கு மட்டும் பஞ்சாபியின் மூன்று பெருங்கவிஞர்களை நாடினார்.

முதலாமவர் புல்லே ஷா. 1680-இல் பிறந்து 1757-இல் மறைந்ததாகக் கருதப்படும் இவர், உயர்குடியாகப் போற்றப்பட்ட சையது மரபில் தோன்றியவர். ஆனால், தோட்டத் தொழில் செய்யும் அராயீன் சமூகத்தைச் சேர்ந்த ஷா இனாயத்தைக் குருவாக ஏற்றார். உறவினர்கள் எதிர்த்தபோதும் குருவை விட்டு விலகவில்லை. 'காஃபி' எனப்படும் பல்லவியுடன் கூடிய எளிய இசைப்பாட்டு வடிவில் பாடினார். ரப்பி எடுத்துக்கொண்ட பாடலில் மதம், தூய்மை, பிறப்பிடம் எனத் தன்னை அடையாளப்படுத்தக்கூடிய ஒவ்வொன்றையும் கவிஞர் மறுத்துக்கொண்டே செல்கிறார். முடிவில் விடை கிடைப்பதில்லை. கேள்வி மட்டும் எஞ்சுகிறது.

இரண்டாமவர் வாரிஸ் ஷா. ஹீர், ராஞ்சா ஆகிய காதலர்களின் துயரக் கதையை 1766-இல் காவியமாக்கியவர். பஞ்சாபின் ஊர்ப்புறங்களில் பாடப்பட்டுவந்த அந்தக் காவியத்தைத் தழுவியே தொகுப்பின் 'ஹீர்' பாடல் அமைந்தது.

மூன்றாமவர் சிவகுமார் படாலவி. 1936-இல் பிறந்தவர். 'லூணா' என்னும் கவிதை நாடகத்துக்காக 1967-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றபோது, அவ்விருதைப் பெற்றவர்களில் மிக இளையவராக இருந்தார். 1973-இல், ரப்பி பிறந்த அதே ஆண்டில், 36 வயதிலேயே மறைந்தார். காணாமற்போன பெண்ணைத் தேடும் அறிவிப்பின் வடிவில் அவர் எழுதிய கவிதையை 'இஷ்திஹார்' என்ற தலைப்பில் ரப்பி பாடினார். இதே கவிதை 2016-இல் 'உட்தா பஞ்சாப்' திரைப்படத்தில் வேறு இசையில் இடம்பெற்றுப் புதிய தலைமுறையைச் சென்றடைந்தது.

இந்த மூவருக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. மூவரும் பிறந்த ஊர்கள் இன்று பாகிஸ்தானில் உள்ளன. புல்லே ஷாவின் அடக்கத்தலம் இந்திய எல்லைக்கு அருகே கசூர் நகரில் இருக்கிறது. வாரிஸ் ஷாவின் அடக்கத்தலம் ஷேக்குபுரா மாவட்டத்தில் இருக்கிறது. படாலவியின் குடும்பம் 1947 பிரிவினையின்போது இப்பக்கம் இடம்பெயர்ந்து படாலா நகரில் குடியேறியது. நிலத்தைப் பிரித்த கோடு மொழியைப் பிரிக்கவில்லை. தன் குழுவை இழந்து தனித்து நின்ற தில்லி இளைஞருக்குத் துணையாக வந்தவர்கள் எல்லைக்கு அப்பால் பிறந்த இந்த மூவர்தாம்.

தொகுப்பு வெளிவந்த நேரமும் அதற்கு இசைவாக இருந்தது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் நிறுத்தப்பட்டிருந்த தில்லி - லாகூர் பேருந்து 2003 ஜூலையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2004-இல் இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானில் விளையாடியது. 2005 ஏப்ரல் 7-ஆம் தேதி ஸ்ரீநகர் - முசாபராபாத் பேருந்து தொடங்கப்பட்டது. இரு நாடுகளும் பேசத் தொடங்கியிருந்த அந்த நாள்களில், இரு பக்கத்தவரும் தம்முடையவர் என்று உரிமை கொண்டாடும் ஒரு கவிஞரின் பாடல் தில்லியிலிருந்து எழுந்தது.

பழைய சட்டகம், புதிய செய்தி

புல்லே ஷாவை ராக் இசையில் பாடிய முதல் கலைஞர் ரப்பி அல்லர். பாகிஸ்தானின் 'ஜுனூன்' குழு 1999-இல் வெளியிட்ட 'பர்வாஸ்' தொகுப்பில் அவருடைய கவிதையைப் பாடியிருந்தது. மின்கிதாரின் முழக்கம் மிகுந்த அந்தப் பாணியோடு ஒப்பிட்டால், ரப்பியின் பாணி அடங்கியது. சொற்களுக்கு வழிவிட்டு இசை பின்னால் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டுமே ராக் பாட இயலும் என்று நம்பிய கல்லூரி இளைஞர்களுக்கு, தாய்மொழியின் ஓசை கிதாரின் தாளத்தில் இயல்பாகப் பொருந்தும் என்பதை அது காட்டியது.

அவர் எழுதிய பாடல்களில் 'தேரே பின்' காதல் பாடல். பின்னர் அவரே இசையமைத்த 'தில்லி ஹைட்ஸ்' திரைப்படத்தில் 2007-இல் அது இடம்பெற்றது. 'ஜுக்னி' இன்னும் கவனிக்கத்தக்கது. ஜுக்னி என்பது பஞ்சாபி நாட்டுப்புற மரபில் ஊர் ஊராகச் சென்று, கண்டதைச் சொல்லும் ஒரு கற்பனைப் பாத்திரம். மரபான பாடல்களில் அவள் செல்லும் இடங்களில் கேலியும் குறும்பும் மிகுந்திருக்கும். ரப்பியின் ஜுக்னியோ காஷ்மீருக்குச் சென்று அன்றாடச் சாவுகளைக் காண்கிறாள். பஞ்சாபுக்குச் சென்று படித்தும் வேலையற்ற இளைஞர்களைக் காண்கிறாள். நாட்டுப்புற வடிவத்தைக் காட்சிப்பொருளாக வைக்காமல், அன்றன்றைய செய்தியைச் சொல்லும் அதன் பழைய வேலையை மீண்டும் அதனிடமே ஒப்படைத்த பாடல் அது.

அடையாளத்தைக் கேள்வி கேட்கும் பாடல் ஒரு சீக்கியரின் குரலில், அதுவும் தில்லியிலிருந்து ஒலித்ததற்குத் தனிப் பொருள் உண்டு. 1984 நவம்பரில் தலைநகரில் நடந்த வன்முறையில் அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டனர். தலைப்பாகையும் தாடியுமே ஒருவரை அடையாளம் காட்டிக் கொல்லப் போதுமானவையாக இருந்த நாள்கள் அவை. அப்போது ரப்பிக்கு வயது 11. இருபது ஆண்டுகள் கழித்து, அதே தலைப்பாகையோடு வீதியில் நடந்துகொண்டே, தான் யார் என்று தெரியவில்லை என அவர் பாடியதைத் தில்லிவாசிகள் வெறும் தத்துவமாக மட்டும் கேட்டிருக்க இயலாது.

கேள்வியிலிருந்து பெயர்களுக்கு

முதல் வெற்றிக்குப் பின் அதே அச்சில் அடுத்த தொகுப்பை வார்ப்பது எளிது. ரப்பி அவ்வழியில் செல்லவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2008-இல், 'ஆவேங்கி ஜா நஹீன்' என்னும் இரண்டாவது தொகுப்பு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற 'பில்கிஸ்' என்னும் பாடல், முதல் தொகுப்பின் கேள்வியைப் பெயர் சொல்லித் தொடர்ந்தது.

அந்தப் பாடல் நால்வரை நினைவுகூர்கிறது. 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வல்லுறவுக்கு ஆளாகி, குடும்பத்தினரைப் பறிகொடுத்து, நீதிக்காகப் போராடிய பில்கிஸ் பானு. தங்க நாற்கரச் சாலைத் திட்ட முறைகேடுகள் குறித்துப் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, 2003 நவம்பரில் கயையில் சுட்டுக் கொல்லப்பட்ட பொறியாளர் சத்யேந்திர துபே. கலப்பட எரிபொருள் விற்ற நிலையத்தின் மீது நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கொல்லப்பட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம். மும்பை அருகே நாலாசோப்பாராவில் பழங்குடியினரின் நில உரிமைக்காகப் போராடி 2002-இல் கொல்லப்பட்ட நவ்லீன் குமார். நாட்டைக் குறித்துப் பெருமைப்படுவோர் எங்கே என்று, 1957-ஆம் ஆண்டு 'பியாசா' திரைப்படத்துக்காகக் கவிஞர் சாஹிர் லுதியான்வி எழுப்பிய கேள்வியை இந்த நால்வரின் பெயரால் ரப்பி மீண்டும் எழுப்பினார்.

இவற்றில் பில்கிஸ் பானுவின் வழக்கு பாடல் வெளிவந்த பின்னும் நீண்டது. 2008 ஜனவரியில் மும்பை நீதிமன்றம் 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2022 ஆகஸ்டில் அவர்கள் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். 2024 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, அவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. நாளிதழின் ஒருநாள் செய்தியாக மறைந்துவிடக்கூடிய பெயர்களைப் பாடல் பல ஆண்டுகளுக்குத் தக்கவைத்துக்கொள்கிறது என்பதற்கு இதுவே சான்று.

தனி வழியின் விலை

2012-இல் ரப்பியின் மூன்றாவது தொகுப்பு வந்தது. அதே ஆண்டு, இயக்குநர் யஷ் சோப்ராவின் கடைசித் திரைப்படமான 'ஜப் தக் ஹை ஜான்' படத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில், குல்ஸார் எழுதிய 'சல்லா' பாடலை அவர் பாடினார். பரவலான செவிகளை எட்டத் திரைப்படமே இன்னமும் பெருவழி என்பதை அது உணர்த்தியது. எட்டு ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் என்பது வணிகக் கணக்கில் குறைவுதான். எழுதவும், இசையமைக்கவும், பாடவும், வெளியிட ஆள் தேடவும் ஒருவரே ஓட வேண்டியிருந்தால் வேகம் குறைவது இயல்பு.

இதே தில்லியில், 1990-இல் தொடங்கிய 'இந்தியன் ஓஷன்' குழு வேறொரு விடையைக் கண்டது. 2000-இல் 'கந்திசா' தொகுப்பால் புகழ்பெற்ற அக்குழு, 2010-இல் '16/330 கஜூர் ரோடு' தொகுப்பின் பாடல்களை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே வழங்கியது. முதன்மைப் பாடகர்களில் ஒருவரான அஷீம் சக்ரவர்த்தி 2009-இல் மறைந்த பின்னரும், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சுஷ்மித் சென் 2013-இல் விலகிய பின்னரும் குழு தொடர்ந்து இயங்கியது. உறுப்பினர் மாறினாலும் நிலைப்பது குழுவின் பலம். ஆனால், ஒருவருடைய மனத்தில் எழும் கேள்வியை யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் பாடிவிட முடிவது தனியாளின் சுதந்திரம். இரண்டுக்கும் விலை உண்டு.

சட்டமும் ஓரளவு மாறியது. திரைப்படங்களில் பயன்படுத்தப்படும் பாடல்களின் ஆசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய உரிமைத்தொகைப் பங்கை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிவிட முடியாதபடி, 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளித்தது. வெளியிட நிறுவனம் தேடி அலைய வேண்டிய நிலையையும் இணையம் மாற்றிவிட்டது. இன்று வீட்டிலேயே பதிவுசெய்து அன்றே உலகுக்கு அளிக்கலாம். ஆனால், நாள்தோறும் வந்து குவியும் பாடல்களுக்கிடையே ஒன்றைக் கேட்கச் செய்வது முன்னைவிடக் கடினமாகியுள்ளது.

மாறாத நிலை ஒன்று எல்லையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் நிகழ்ந்த பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்டது; பாகிஸ்தானியருக்கான நுழைவு அனுமதிகள் ரத்து செய்யப்பட்டன. 2004-இல் இருந்த நம்பிக்கையின் சுவடு இன்று குறைவு. கசூரிலுள்ள புல்லே ஷாவின் அடக்கத்தலத்துக்குத் தில்லியிலிருந்து சென்றுவருவது அரிதிலும் அரிதாகிவிட்டது. அவருடைய கவிதை மட்டும் இப்பக்கமும் பாடப்படுகிறது. குழு கலைந்து தனித்து நின்ற ஒரு பாடகர், பல ஆண்டுகள் காத்திருந்து, ஒரு கிதாரை நம்பி அதைப் பாடியிராவிட்டால், பஞ்சாபி அறியாத இலட்சக்கணக்கானோர் அந்தக் கவிஞரின் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள்.